கார்பனுக்கு ஐந்து கை

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் எனக்கு டி பிளஸ் வந்திருக்கிறது என்று தெரிந்த நிமிடம், நான் மிசஸ் லாஹ்டியின் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து, எங்கள் ஊர் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் எல்லோரும் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார்கள். என் அம்மா ரோண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். ஊரில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு போட்டவள் என்பதால் அவள் சொல்வது ஊருக்கே எட்டும். "எங்க சென்யா டாக்டருக்குப் படிக்கிறா" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் நான் டுலூத் கல்லூரியில் இரண்டாம் வருடம். நாலு வருடம் முடித்து, நல்ல மதிப்பெண்ணைக் காட்டிக் கெஞ்சினால்தான் மருத்துவப் பள்ளி கதவைத் திறக்கும். நான் இன்னும் அந்தத் தெருவுக்கே போய்ச் சேரவில்லை. இதை ஊருக்கு விளக்க முயன்று விட்டுவிட்டேன்.

"நகம் உள்ள போயிருக்கா கண்ணு, இல்ல சீழ் கோத்திருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றாள் மிசஸ் லாஹ்டி. சாக்ஸைக் கழற்றி நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டிருந்தாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கெமிஸ்ட்ரிதானே படிக்கிறேன்."

"எல்லாம் ஒண்ணுதானே?"

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். "டாக்டரைக் காட்டுங்க" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். என் முகத்தைப் பார்த்து அவள் தன் விரலுக்கு ஏதோ பெரிய ஆபத்து என்று நினைத்துவிட்டாள். மறுநாளே டாக்டரிடம் போய், ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதற்கு என்னைத்தான் குறை சொன்னாளாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் சொன்னேன்.

"அம்மா, ஆர்கானிக்ல டி பிளஸ்."

"பிளஸ்னா நல்லதுதானே?"

"டி-க்குப் பக்கத்துல நிக்கிற பிளஸ்மா. சி-க்குக் கீழ. சி கூட இல்லாம அடுத்த பாடத்துக்கு விடமாட்டாங்க."

அவள் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தாள். பிறகு தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னாள்: "யாரோ தப்பாக் கூட்டியிருக்காங்க."

மறுநாள் நான் எழுந்திருப்பதற்குள் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டாள். மாணவி கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் பெற்றோரிடமும் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச முடியாது என்று அங்கே இருந்த பெண் சொல்லியிருக்கிறாள். நான் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

"நான் அவளைப் பெத்தவ... அது தெரியுதுல்ல? ... அப்ப சொல்லுங்க... என்ன சட்டம்? பத்தொன்பது வருஷம் வளக்கும்போது எங்க போச்சு உங்க சட்டம்?"

"அம்மா, வை போனை!"

"நீ ஒரு கையெழுத்துப் போடுடி, மீதியை நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்க வேண்டாம்னுதான் அந்தச் சட்டமே!"

அப்பாவின் பெயர் கார்ல்; சுரங்கத்தில் இரும்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அதன் சக்கரமே எங்கள் வீட்டு உயரம். அவர் பேசுகிற வார்த்தைகளை ஒரு வாரத்துக்குச் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. வண்டிக் கொட்டகையில் பனி அள்ளும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் போய்ச் சொன்னேன்.

"திரும்ப எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

"அப்ப எடு."

கையைத் துடைத்துக்கொண்டு சோனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பை மூட்டப் போய்விட்டார். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. என் வாழ்க்கை நடுத்தெருவில் நிற்கிறது, இந்த மனுஷனுக்கு அது பஞ்சரான டயர்.

என்னை உண்மையில் எரித்தது வேறு. நான் ஊர் சுற்றி, குடித்துக் கூத்தடித்து டி பிளஸ் வாங்கியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நான் படித்தேன். பதினாலு வாரம் ஒரு ஹாக்கி ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருக்கிற அத்தனை பயிற்சிகளையும் மூன்று தடவை முடித்திருந்தேன். மூன்று தடவை! நாலு நிறத்தில் கோடு போட்டு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். அப்படிப்பட்டவளுக்கு டி பிளஸ் என்றால் தவறு என்னிடம் இருக்கவே முடியாது. அம்மாவைத் திட்டினேனே தவிர, உள்ளுக்குள் நானும் அவள் சொன்னதையே நம்பினேன். யாரோ தப்பாகக் கூட்டியிருக்கிறார்கள்.

ஆகவே ஜனவரியில் கல்லூரி திறந்ததும் நேராகப் பேராசிரியர் ஹால்வர்சனின் அறைக்குப் போனேன். ஐம்பது வயதுக்காரி. மைனஸ் இருபது டிகிரிக் குளிரிலும் ஏரிக்கரையில் ஓடிவிட்டு வந்து, ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பாள். கடைசித் தேர்வில் ஏழாவது கேள்விக்கு மூன்று மதிப்பெண் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று தாளை நீட்டினேன்.

தாளைப் பார்த்தாள். "நீ சொல்றது சரிதான். மூணு வரணும்."

எனக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது.

"ஆனா சென்யா, மறுபடி திருத்தச் சொன்னா முழுத் தாளையும் திருத்துவேன். பருவத் தொடக்கத்துல குடுத்த தாள்லயே எழுதியிருக்கேன். படிச்சியா?"

"படிச்சேன்" என்றேன். படிக்கவில்லை.

"யோசிச்சுக்கோ. இப்பவே எடுத்துட்டுப் போனாலும் நான் எதுவும் நினைக்க மாட்டேன்."

அப்படி ஒருத்தி முகத்துக்கு நேரே எச்சரிக்கும்போது, மூளை உள்ளவள் தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்பாள். நான் "பரவாயில்ல, திருத்துங்க" என்றேன்.

வியாழக்கிழமை போனேன். ஏழாவது கேள்விக்கு மூன்று ஏறியிருந்தது. நாலாவதில் ஐந்தும் ஒன்பதாவதில் நாலும் இறங்கியிருந்தன.

"இதுக்குப் போன தடவை மார்க் குடுத்திருந்தீங்களே!"

"அவசரத்துல கவனிக்கல. இங்க பாரு, இந்தக் கார்பனுக்கு எத்தனை கை போட்டிருக்க? எண்ணு."

எண்ணினேன். ஐந்து.

கார்பனுக்கு நாலு கைதான், அதாவது நாலு பிணைப்பு. அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். ஐந்து கை வைத்த கார்பன் இந்த உலகத்தில் என் தேர்வுத் தாளில் மட்டும்தான் இருந்தது. ஒன்பதாவது கேள்வியில் இன்னொன்றும் இருந்தது.

"என்ன ஆச்சு இப்ப?" என்று கேட்டேன்.

"டி பிளஸ் போயி டி ஆயிடுச்சு" என்றாள். அவள் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்தது கல்லூரி ஆலோசகர். என்னைவிட ஆறேழு வயதுதான் பெரியவராக இருப்பார். அறை முழுக்கத் தொட்டிச் செடி. அரை மணி நேரத்தில் நாலு தடவை "இது ஒரு பயணம்" என்றார். திரும்ப எடுத்தாலும் பழைய மதிப்பெண் அழியாது, மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டும் சேர்ந்தே போகும் என்பதை அந்தப் பயணத்துக்கு நடுவில் மெல்லச் சொன்னார். கோடையில் எட்டு வார வகுப்பு உண்டு, அதில் சேரலாம் என்றார். அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து துண்டறிக்கைகளை எடுத்தார். பல் சுத்தம் செய்யும் வேலை, காது கேட்கிறதா என்று சோதிக்கும் வேலை, மருத்துவமனை நிர்வாகம்.

"மக்களுக்கு உதவ நிறைய வழி இருக்கு, சென்யா."

"எனக்குக் கோடை வகுப்புக்கு மட்டும் பேரெழுதுங்க போதும்."

"எழுதறேன். இதையும் கையில வெச்சுக்குங்க."

அறைக்கு வந்தால் அங்கே மெரிடித் படுக்கையில் குப்புறக் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். மெரிடித் என் அறைத்தோழி. அப்பா, அம்மா இரண்டு பேரும் மினியாபொலிஸில் டாக்டர்கள். அவளுக்கு ஆர்கானிக்கில் ஏ மைனஸ். அதைச் சொல்லி விடுமுறை முழுக்க அவள் அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம்.

"அந்த மைனஸ் என் வாழ்க்கையையே கெடுத்துடுச்சுடி."

"மெரிடித், நான் டி வாங்கியிருக்கேன். டி பிளஸ்ஸா இருந்தது, நானே நேர்ல போய்க் கேட்டு டி-யா மாத்திட்டு வந்திருக்கேன். என் முன்னால மைனஸைப் பத்திப் பேசினா ஜன்னலைத் தொறந்து உன்னைப் பனியில தள்ளிடுவேன்."

அழுகையை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்தாள். "கேட்டு மாத்திட்டு வந்தியா?" என்றாள். பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கோடை வந்தது. மேட்டுத் தெருவில் ஒரு பழைய வீட்டின் மாடியை நாங்கள் இரண்டு பேரும் வாடகைக்கு எடுத்தோம். அவளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எனக்குத் தினமும் காலை எட்டு மணிக்கு அதே ஹால்வர்சன், அதே பாடம். வாரத்துக்கு மூன்று அத்தியாயம். ஊரெல்லாம் ஏரியில் படகு விட்டுக்கொண்டிருக்க, நான் இந்தத் தடவை ஆறு நிறத்தில் நோட்டுப் புத்தகம் போட்டேன். பயிற்சிகளை நாலாவது தடவை முடித்தேன்.

முதல் சின்னத் தேர்வில் இருபத்தைந்துக்கு ஒன்பது.

தாளைச் சமையல் மேசையில் வீசினேன். மெரிடித் பாத்திரத்திலிருந்து நேற்றைய ஹாட்டிஷ் இறைச்சிக் கலவையை அப்படியே கரண்டியால் தின்றுகொண்டிருந்தாள்.

"இதுக்கு மேல ஒருத்தி என்ன செய்யணும்? சொல்லு! நாலு தடவை போட்டேன். எல்லாக் கணக்கையும் நாலு தடவை! எனக்கு மூளை இல்ல, அவ்வளவுதான். காதுச் சோதனை வேலைக்கே போறேன்."

"நீ போடல" என்றாள் மெரிடித்.

"என்னது?"

"நீ கணக்குப் போடல. நானும் ஒரு வருஷமாப் பாக்கறேன். விடைப் புத்தகத்தைப் பக்கத்துல விரிச்சு வெச்சுப்ப. கேள்வியைப் படிப்ப. விடையைப் பாப்ப. 'ஆமாமா, இதைத்தான் நினைச்சேன்'னு சொல்லிட்டு அழகா எழுதி, பச்சைக் கலர்ல கோடு போடுவ. அதுக்குப் பேரு படி எடுக்கறதுடி."

"ஒரு வருஷமாப் பாத்துட்டு இப்பதான் சொல்றியா?"

"போன அக்டோபர்ல சொன்னேனே. 'எனக்கு ஒருத்தியும் பாடம் எடுக்க வேண்டாம்'னு கத்தின. அப்புறம் நான் ஏன் வாயைத் தொறக்கறேன்?"

நான் கத்தியதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அது நான் பேசுகிற மாதிரிதான் இருந்தது. "டாக்டர் வீட்டுல பொறந்தவளுக்கு எல்லாம் சுலபம்" என்று ஒன்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் கரண்டியை வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் மறுநாள் உட்கார்ந்தேன். வேறெந்த நல்ல எண்ணமும் இல்லை. விடைப் புத்தகத்தை மூடி, அதன் மேல் ரொட்டி வாட்டும் இயந்திரத்தைத் தூக்கி வைத்தேன். ஏற்கெனவே நாலு தடவை "முடித்த" அத்தியாயத்திலிருந்து முதல் கேள்வி. எலெக்ட்ரான் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று வளைந்த அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும்.

முதல் அம்பை எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைத் தாள். அந்தக் கேள்வியின் விடை எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியும், அதற்கு நான் என்ன நிறத்தில் கோடு போட்டேன் என்று தெரியும். விடை தெரியாது. பதினாலு வாரமும் ஒரு டிசம்பரும் ஒரு ஜனவரியும் நான் யார் யாரையோ திட்டியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அம்மா, அப்பா, ஹால்வர்சன், அந்தச் செடிக்காரர். இனித் திட்டுவதற்கு அறையில் என்னைத் தவிர யாருமில்லை. அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த கோபம் மாதிரி அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

சாயங்காலம் மெரிடித் வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அரைகுறையாகத்தான். பிறகு விடைப் புத்தகத்தை நீட்டினேன்.

"இதை உன் கார் டிக்கியில போட்டுப் பூட்டு. காலையில எடுத்துட்டுப் போ. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் குடு. போதும்."

"நடுவுல கேப்ப."

"கேக்க மாட்டேன்."

மறுநாளே மூன்று மணிக்கு ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் போய் நின்றேன்.

"ஒரே ஒரு அம்புக்குறிடி. அது ஆக்சிஜன்லேந்து கிளம்புதான்னு மட்டும் பாத்துக்கறேன்."

"முடியாது."

"சாவியைக் குடு, நானே பாத்துட்டுப் பூட்டிடறேன்."

"சென்யா, வீட்டுக்குப் போ. தப்பாப் போடு. ராத்திரி பாக்கலாம்."

தப்பாகப் போட்டேன். அதற்கப்புறம் ஏழு வாரமும் தப்பாகப் போட்டதுதான் வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கேள்வியில் பத்து தப்பு, பிறகு எட்டு, பிறகு எட்டே. அந்த எட்டில் பத்து நாள் மாட்டிக்கொண்டு கிடந்தேன். முன்பெல்லாம் ஒரு மாலையில் நாற்பது கேள்வி முடித்து நிம்மதியாகத் தூங்கினவள் நான். இப்போது பன்னிரண்டுக்கே மண்டை காய்ந்துபோயிற்று. நன்றாகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற உணர்வு நாள் முழுக்க இருந்தது. இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டாவது தேர்வில் பதிமூன்று. மூன்றாவதில் பதினாறு. அதற்கடுத்ததில் மறுபடி பதினைந்து. அன்றைக்கு ஏரிக்கரைக்குப் போய்க் கல்லாக எடுத்துத் தண்ணீரில் எறிந்தேன், தோள் வலிக்கிற வரைக்கும்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. பி.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பி-யா? ஏ வரலையா?"

"அம்மா!"

"இல்லடி, திரும்பப் படிச்சியேன்னு கேட்டேன். சரி, விடு. பி-யும் நல்லாத்தான் இருக்கு. சர்ச்ல என்னன்னு சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்!"

"ஒண்ணுமே சொல்லலன்னா சந்தேகப்படுவாங்க."

வீட்டைக் காலி செய்த அன்று, கார் டிக்கியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தபோது மெரிடித் சொன்னாள்: "நான் மெடிசினுக்குப் போகலடி. வீட்டுல நேத்துச் சொல்லிட்டேன். எனக்கு இந்த ஆராய்ச்சிக்கூடம்தான் பிடிச்சிருக்கு. நோயாளிங்கன்னாலே எனக்கு பயம். எப்பவுமே அப்படித்தான்."

"ஏ மைனஸுக்கு ரெண்டு நாள் அழுதியே!"

"அப்பா என்ன சொல்வாரோன்னு அழுதேன்."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. இவளுக்குத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள், வேண்டாம் என்கிறாள். நான் நாக்குத் தள்ள ஓடுகிறேன், தட்டே கண்ணில் படவில்லை. நடுத்தெருவில் நின்று அதை அப்படியே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா, அநியாயம்தான்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் அப்பா முந்தின நாளிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை என்று பிறகுதான் சொன்னாள். அன்றைக்குக் கிளம்ப வேண்டிய நான், கிளம்பாமல் அவளோடு இன்னொரு ராத்திரி அந்தக் காலி வீட்டின் வெறும் தரையில் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆர்கானிக்கின் இரண்டாம் பாகத்தில் ஏ மைனஸ் வாங்கினேன். இயற்பியலில் பி பிளஸ். கல்லூரி முடித்து ஒன்பது மருத்துவப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன். ஒன்பதும் இல்லை என்றன. ஊருக்கே திரும்பி, எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தேன். ஒரே ஒரு பள்ளி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அங்கே இருந்த டாக்டர் என் காகிதங்களைப் புரட்டி, எல்லோரும் எதிர்பார்க்கச் சொன்ன கேள்வியைக் கேட்டார்.

"இந்த டி எப்படி வந்தது?"

"விடையைப் பாத்துப் பாத்து எழுதிட்டு, படிக்கிறேன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றேன். இரண்டு பக்கத்துக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் வேறு. வாயில் வந்தது இதுதான். அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நல்லதா கெட்டதா என்று ஒன்றும் தெரியவில்லை.

காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு கிழவர் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்திருக்கிறது. மதியம்தான் பார்த்தேன். ஓர் இடம் காலியாகியிருக்கிறது, மாலை ஐந்து மணிக்குள் கூப்பிட்டுச் சொல்லவும் என்று பதிவாகியிருந்தது.

கூப்பிட்டேன். "வரிசையில் நீங்கள் ஏழாவது" என்றது இயந்திரக் குரல். பிறகு பியானோ.

ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவர் வேலை முடிந்து, புழுதியோடு அப்படியே வந்து, தன் பிக்கப் வண்டியின் பின் கதவை இறக்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறாவது. பியானோ. நாலாவது. மூன்றேகால் மணிக்குத் தொடர்பு அறுந்துபோயிற்று. நான் போட்ட சத்தத்தில் எதிரே நின்ற செவிலி திரும்பிப் பார்த்தாள். மறுபடி கூப்பிட்டேன். வரிசையில் பதினோராவது. அப்பா சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து மீதி இருந்த, கறி அடைத்த பாஸ்டி அப்பத்தின் பாதியை எடுத்து நீட்டினார். இரண்டு பேரும் பியானோவைக் கேட்டுக்கொண்டே தின்றோம்.

நாலே முக்காலுக்கு ஒரு பெண் குரல் வந்தது.

"இடம் உங்களுக்கு வேணுமா?"

"வேணும்" என்றேன். போனை வாயோடு ஒட்டிப் பிடித்தேன். "வேணும்! வேணும்!"

"சரிம்மா, கத்தாதீங்க. குடும்பப் பேர் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க."

"கே, ஏ, என், ஜி, ஏ, எஸ்."

"கே, ஏ, எம்?"

"என்!" என்று அப்பா போனுக்குள் குனிந்து உறுமினார்.